பொங்கோல் அண்ணன் விட்டுவைத்த ஐந்தாவது மேடு

பினாங்குத் தீவில், நடந்து போகிறவனைக்கூட "ஸ்லோ லா!" என்று அதட்டிய ஒரே ஆள் எங்கள் பொங்கோல் அண்ணன்தான்.

ஜெலுத்தோங்கில் எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு புதிதாக இருந்தபோது வீட்டுக்கு நாலு பிள்ளைகள். எல்லாம் ரோட்டில்தான் கிடக்கும். ஒருநாள் ரோசி அக்காவின் மகனைக் கார் ஒன்று உரசிவிட்டுப் போனது. மறுநாளே அண்ணன் யாரையும் கேட்காமல் சிமெண்டைக் குழைத்து, ரோட்டுக்குக் குறுக்கே ஐந்து வேகத்தடை போட்டுவிட்டார். மலாயில் அதற்குப் பொங்கோல் என்று பெயர். அன்றிலிருந்து அவருக்கும் அதே பெயர். ஒவ்வொன்றும் படுத்திருக்கிற எருமை உயரம். உடைக்க நகராட்சி ஆட்கள் வந்தபோது அண்ணன் அதன்மேலேயே மல்லாந்துவிட்டார். உயரம் இன்னும் கூடிப்போனதைப் பார்த்து வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

நான் மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தை மன்னித்துவிட்டவன். அறுபது வயதாகியும் என் மோட்டார் சைக்கிளில் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேடு போட்ட புதிதிலேயே அதில் பறந்து விழுந்து இரண்டு பல்லைப் பறிகொடுத்தேன்.

"பல்லு போனா போவுது, பிள்ளைங்க பத்திரமா இருக்கு லா!" என்றார் அண்ணன்.

அந்தப் பிள்ளைகளெல்லாம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்களும் எங்கள் முட்டி வலியும். வாரத்துக்கு மூன்று நாள் ரோசி அக்காவை டயாலிசிஸ் வேன் ஏற்றிப் போகும். அவர் வீட்டுக்குப் போய்வர நாலு மேடு தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் "யேசுவே!" என்று அலறுவார். எத்தனையாவது யேசு என்று எண்ணி, வேன் எங்கே வருகிறது என்று நான் சொல்லிவிடுவேன்.

போன மாதம் வேன் வந்து நின்றது. அக்கா ஏறவில்லை.

"இனிமே போகலண்ணே," என்றார் பொங்கோல் அண்ணனிடம். "ஊசியக்கூடத் தாங்கிக்கிறேன். இந்தத் தூக்கிப் போடறதத் தாங்க முடியல."

"போகாட்டி செத்துருவீங்கக்கா!" என்று கத்தினேன். அண்ணன் திரும்பித் தன் மேடுகளைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் டம் டம் என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். அண்ணன் சம்மட்டியால் தன் பொங்கோலைத் தானே பிளந்துகொண்டிருந்தார்! சாமியே இறங்கி வந்து தன் கோயிலை இடிக்கிற மாதிரி இருந்தது.

"அண்ணே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"வாய மூடிட்டுக் கல்ல அள்ளு லா."

நாலும் தரைமட்டம். வேன் வந்தது. அக்கா ஏறினார். ஒரு யேசுகூடக் கேட்கவில்லை.

கடைக்கோடியில், என் வீட்டு வாசலில் இருந்த ஐந்தாவது மட்டும் அப்படியே நின்றது.

"இத ஏண்ணே விட்டீங்க?"

சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "நீ இன்னும் மோட்டார்ல பறக்கிற. இந்தத் தாமான்ல மிச்சம் இருக்கிற சின்னப்பிள்ளை நீ ஒருத்தன்தான்."

அன்றைக்குத்தான் என் மோட்டாரில் பிரேக் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.