எரிமலைக்குப் போன சேஃப்டி மாமா

புகைவிட யார் அனுமதி கொடுத்தது என்று எரிமலையிடமே வொர்க் பர்மிட் கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பெயர் சேஃப்டி மாமா. பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள்தான். அது இப்போது அவருடைய ஆதார் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருந்தவர். கம்பெனியிலிருந்துதான் ரிட்டயர் ஆனார், சேஃப்டியிலிருந்து ஆகவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் பாயசம் எங்கே என்று தேடினால், இவர் கேஸ் சிலிண்டர் எங்கே என்று தேடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றித் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். "ஓடணும்னா சட்டுனு மாட்டிக்கலாம் பாரு." எங்கள் வீட்டிலிருந்து ஓடும்படி அப்படி என்ன நடந்துவிடும் என்று அம்மாவுக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் அவர் மனைவி மாலதி அத்தை எரிமலை கேட்டாள்.

அத்தை சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வந்தவள். வருஷா வருஷம் கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் எரிமலை வரைந்து, உள்ளே இருந்தால் மாக்மா, வெளியே வந்தால் லாவா என்று சொல்லிக்கொடுத்தவள். போன வருஷம் அவளும் ரிட்டயர் ஆனாள். சால்வை போர்த்தி, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அந்தச் சால்வையைக்கூடக் கழற்றாமல் மாமாவிடம் சொன்னாள்.

"ஒரு தடவையாவது நெசமான எரிமலைய பாத்துடணுங்க. பாக்காமயே பாடம் நடத்திட்டு வந்துட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

மாமா ஆடிப்போனார். "ஏம்மா, புகை வந்தா ஊரே எதிர்ப்பக்கம் ஓடுது. நாம ஃபிளைட்டு புடிச்சி புகை கிட்ட போவணுமா?"

அத்தை நேரே அடுப்படிக்குப் போனாள். அன்றைய ரசத்தில் உப்பு இல்லை. மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மாமா எங்கள் வீட்டில் நின்றார்.

"மாப்ள, பாலித் தீவுன்னு ஒண்ணு இருக்குதாமே. எரிமலை மேலயே டூரு கூட்டிட்டுப் போறானாமே. போன எடு, பேசலாம்."

எங்கள் தெருவுக்கே காய்ச்சல் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்குத் தொப்பி, கூலிங் கிளாஸ் என்று யோசனை சொன்னார்கள். நான் அந்தத் தீவிலுள்ள ஹோட்டலுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டே எட்டிப்பார்த்தாள். ரூம் எப்படி, சாப்பாடு எப்படி என்று மாமா எதையும் கேட்கவில்லை. ஆபத்து வந்தால் எல்லோரும் ஓடிப்போய்க் கூடுகிற இடத்தைத்தான் கேட்டார்.

"மேடம், வேர் இஸ் யுவர் அசெம்ப்ளி பாயிண்ட்?"

அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாளோ, நீச்சல் குளத்துப் பக்கம் வாருங்கள், அங்கேதான் வெல்கம் ட்ரிங்க் தருவோம் என்றாள். மாமா பூரித்துப் போனார். "பாத்தியா, தண்ணி கிட்டவே வச்சிருக்கான். வெவரமானவன்டா!" அந்த நிமிஷமே ரூம் போடச் சொல்லிவிட்டார்.

அடுத்தது மலையேற்றப் பயிற்சி. கடலூரில் மலைக்கு எங்கே போவது? இருப்பது கேப்பர் மலை, அதில் டவுன் பஸ்ஸே மூச்சு வாங்காமல் ஏறிவிடும். மாமா ஹெல்மெட், கம் பூட்ஸ், சாம்பல் தடுக்கிற முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். பின்னால் அத்தை, அவளுக்குப் பின்னால் நான். எதிரே வந்த பஸ் சடாரென்று நின்றது. உள்ளே அத்தனை பேரும் துண்டையும் முந்தானையையும் மூக்கில் வைத்திருந்தார்கள். டிரைவர் தலையை நீட்டி, "சார், எந்தப் பக்கம் கேஸ் லீக்கு? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்றார். அது லீக் இல்லை, சுற்றுலா என்று அவர்களை நம்பவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

அப்படியும் அடங்கினாரா? மாக் டிரில், அதாவது ஆபத்து வந்தால் தப்பிக்கிற ஒத்திகை, நடத்தாமல் விமானம் ஏற மாட்டேன் என்றார். கூட வருவதாக இருந்தவர்கள் அத்தையின் அண்ணனும் அண்ணியும். அவர்கள் வீடு சிதம்பரம் மேல வீதியில். டிரில் அங்கேதான். எனக்கு எரிமலை வேஷம். மொட்டை மாடியில் நின்று தாம்பாளத்தைத் தட்டி "வெடிச்சிடுச்சி, வெடிச்சிடுச்சி" என்று நான் கத்த வேண்டும், மாமா கை சைரனைச் சுற்றுவார், எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும்.

மாமா ஒன்றை மறந்துவிட்டார். சைரன் கேட்டால் ஓடுகிறவன் கடலூர்க்காரன். சிதம்பரத்தில் என்ன சத்தம் கேட்டாலும் சாமி புறப்பாடு. நான் தாம்பாளத்தைத் தட்டத் தட்ட வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள்.

"எங்கம்மா சாமி?" என்றாள் அண்ணியிடம்.

அண்ணி திருதிருவென்று விழித்து, மாடியில் இருந்த என்னைக் கை காட்டினாள்.

வந்த கூட்டத்துக்கெல்லாம் காபி போட்டு மாளவில்லை. அண்ணனும் அண்ணியும் அன்றைக்கே டூரிலிருந்து கழன்றுகொண்டார்கள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அந்தத் தீவில் ஒரு மலை புகை விடுகிறது என்று டிவியில் காட்டினார்கள். அத்தை பார்த்தாள். பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுப்படியில் தீப்பெட்டியைக்கூட எட்டி வைக்கிற மனிதர், இனி எங்கே கூட்டிப்போகப் போகிறார்? தெருவே துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது.

மாமா போனும் மேப்புமாகவே கிடந்தார். ஹோட்டலைக் கேட்டார், விமானக் கம்பெனியைக் கேட்டார், அங்கிருக்கும் வழிகாட்டியைக் கேட்டார். சாயங்காலம் எழுந்து வந்தார்.

"புகையிறது வேற மலை, தீவோட அந்தக் கோடில இருக்குது. நாம போற மலைக்கு தடை இல்ல. பொடவைய எடுத்து வைம்மா, போறோம்."

"மாமா, நீங்களா பேசறீங்க?" என்றேன்.

என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "மாப்ள, என் வேலைல ஒண்ணுமே நடக்காத நாள்தான் நல்ல நாளு. கம்பெனிய அப்படியே ஓட்டிட்டேன். வூட்டயும் அப்படியே ஓட்டிட்டேன்டா. இவளுக்குன்னு ஒண்ணுமே நடக்கல. இதாவது நடக்கட்டும்." குரல் உடைந்திருந்தது.

போனார்கள். மலை உச்சியிலிருந்து வீடியோ கால் வந்தபோது தெருவே என் போனுக்குள் தலையை விட்டது. திரை முழுக்க அத்தையின் முகம். "உள்ள இருந்தா மாக்மா! வெளிய வந்தா லாவா!" என்று வகுப்பில் நிற்கிற மாதிரி கத்திக்கொண்டு, இடையிடையே சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். போனைப் பிடித்திருந்தது மாமா.

"மாமா, எரிமலைய காட்டுங்க!" என்று இங்கே எல்லோரும் கூச்சல் போட்டோம்.

"இருங்கப்பா, இவ சிரிக்கிறா" என்றார்.

கடைசி வரை காட்டவே இல்லை. எங்கள் தெருவில் எரிமலையைப் பார்த்தவள் இதுவரை அத்தை ஒருத்திதான். கூடப் போன மாமா பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.