ஒளியும் நானும் ஒரு சுவரும்

இனி என் கேமராவில் மனிதர்கள் கிடையாது என்று முடிவெடுத்தேன். கதை கிடையாது, வசனம் கிடையாது. ஒரு மலை, அதன்மேல் காலையிலிருந்து மாலைவரை மாறும் வெளிச்சம், நிறம். அவ்வளவுதான் படம். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இந்த எழுத்து தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவனுக்கு, ஏழாம் நாளாவது பேசாத ஒன்றைப் பார்க்க ஆசை இருக்காதா?

மனைவியிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை பூரா மலையடிவாரத்துல இருப்பேன். ஒளிய எடுக்கணும்."

"ஒளியணும்னு நேராவே சொல்லுங்களேன்."

"வெளிச்சம்மா! அதுதான் கதாநாயகன்."

"கதாநாயகி?"

"நிறம்."

"வசனம்?"

"யாரும் பேச மாட்டாங்க."

"பேசாத ஆளு வேணும்னா வீட்டுலயே நீங்க இருக்கீங்களே."

கேமரா ஸ்டாண்டைத் தோளில் தூக்கினேன். அவள் வழிமறிக்கவில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

"போயிட்டு வாங்க. ஆனா மலை எப்பவும் ஒரே நிறம்தானே? நம்ம ஹால் சுவத்துல காலைல வெயில் நேரா விழுது, சாயங்காலம் சாஞ்சு விழுது. அதே சுவரு நீலமா இருந்தா, மஞ்சளா இருந்தா... எனக்கென்னங்க தெரியும், நான் வெறும் கணக்கு டீச்சர்."

ஸ்டாண்டைத் தோளிலிருந்து இறக்கி ஹாலிலேயே நட்டேன். மலையை அங்கேயே விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிறு சுவரைச் சுரண்டினேன். விரிசல் இருந்தால் வெளிச்சம் உடையும் என்றாள்; அடைத்தேன். இரண்டாம் ஞாயிறு நீலம். "சோகப் படமா?" என்றாள். மூன்றாம் ஞாயிறு மஞ்சள். "கதாநாயகிக்கு மேக்கப் ஜாஸ்தி." நான்காம் ஞாயிறு விடிந்ததும் இளம்பச்சை, இரண்டு பூச்சு. தோள்பட்டை தனியாகக் கழன்று வந்துவிடும் போலிருந்தது. ஏணியிலிருந்து இறங்கியபோது முழங்கால் வசனமே பேசியது.

மாலை நாலரை. வெயில் சரிந்து பச்சையில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓர் ஏரி எழுந்து சுவரில் நின்றது. வலியெல்லாம் மறந்துபோய், கேமராவை ஓடவிட்டேன். அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு முழு நிமிஷம் வாய் திறக்கவில்லை. கலை ஜெயித்துவிட்டது என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு ஃபோனை எடுத்துத் தன் அக்காவை அழைத்தாள்.

"ஹால் பெயிண்டிங் முடிஞ்சுதுக்கா. நீலம், மஞ்சள் எல்லாம் அடிச்சுப் பாத்துட்டுப் பச்சையே வச்சுக்கிட்டேன். ம்ஹூம், ஆள் வைக்கல, இவருதான். அத்தான் சும்மாதானே உக்காந்திருக்காரு? அவருக்கும் ஒரு கேமரா வாங்கிக் குடு."