கேத்தலர் கண்டுபிடித்த கிணறு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் தேத்தண்ணி ஊற்றத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களெல்லாம் நிறம் மாறிய வெந்நீரைக் குடித்துக் காலம் தள்ளினோம். இது என் கருத்தல்ல, அவருடையது.

நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடங்களில், புளியந்தீவில் ஒரு வாடகை வீட்டில், அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த நாங்கள் நான்கு கிளாக்கர்மார் குடியிருந்தோம். நான்காமவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு அதன் மூடியையே பார்த்தபடி நிற்பவர் என்பதால், எங்களுக்கு அவர் கேத்தலர்.

விடிந்தால் அடுப்படி அவர் ஆட்சி. முதலில் பீங்கான் சாடியைச் சுடுதண்ணீரால் அலசிச் சூடேற்றுவார். கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கித் தேயிலையின் மேல் ஊற்றுவார். பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போர்த்துவதுபோல் சாடியைத் துவாயால் சுற்றி வைப்பார். ஒருநாள் நான் அவசரத்தில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். அவ்வளவையும் முற்றத்தில் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினார். அன்று நால்வரும் கந்தோருக்குப் பிந்தித்தான் போனோம்.

பெரிய கிளாக்கர் வீட்டு விருந்தில்தான் வினை வந்தது. அவருடைய மனைவி தந்த கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேத்தலர் மிகப் பணிவாகக் கேட்டார்:

"அம்மா, இந்தத் தண்ணி எத்தினை தரம் கொதிச்சது?"

அடுத்த கிழமையே அவரை வாவிக்கு அப்பால் பழுகாமத்துக்கு, வயல் அளக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில் வந்து இறங்கினார், தோளில் ஒரு குடத்துடன். எங்கள் வளவுக் கிணற்றில் எப்போதும் உப்புக் கரிக்கும். "குடிச்சுப் பாருங்க, பழுகாமத்தில ஒரு வீட்டுக் கிணத்துத் தண்ணி, உப்பு ஒரு துளி இல்ல" என்றார். அதன்பின் ஞாயிறு தவறாமல் குடம் வந்தது. வள்ளக்காரர் ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "அங்கால இருந்து ஆக்கள் நெல்லுக் கொண்டு வருவாங்க. இவர் வாவித் தண்ணிக்கு மேலால தண்ணி கொண்டு வாறார்."

மூன்றாம் மாதம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்தக் கிணற்று வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளாம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. ஆகவே கிணறும் கூடவே கிடைக்கும். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் அன்று முழுக்க எங்களோடு பேசவில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இல்லை. பெண் கேட்க அவரோடு நாங்கள் மூவரும் போனோம். பெண்ணின் தகப்பன் பாய் விரித்து இருக்கச் சொன்னார். கதை நன்றாகத்தான் போனது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது:

"அப்பா, அவருக்கு வேணுமெண்டது நானா, கிணறா எண்டு கேளுங்க."

நாங்கள் குனிந்து பாயைப் பார்த்தோம். கேத்தலர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"தண்ணி எண்டா குடத்தில கொண்டு போயிரலாம். மூணு மாசமா அதைத்தானே செய்யிறன்" என்றார். "அதுக்கு ஏன் இவங்களையும் கூட்டிக்கொண்டு வந்து இதில இருக்கப்போறன்?"

உள்ளே வளையல் சத்தம் அடுப்படிப் பக்கம் போனது.

சற்று நேரத்தில் அவளே தேத்தண்ணி கொண்டுவந்தாள். தண்ணீர், தேயிலை, சீனி எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுக் காய்ச்சிய கறுப்புக் குழம்பு. போதாததற்கு ஆறியும் போயிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேத்தலர் ஒரே மூச்சில் குடித்து, அடியில் கிடந்த தேயிலையையும் விழுங்கிவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

அறுவடை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. பின்நேரம் நாங்கள் திரும்பும்போது, பட்டு வேட்டியோடு இறங்குதுறை வரை வந்தார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நாளைக்கு விடிய உங்களுக்கு ஆர் தேத்தண்ணி ஊத்தித் தருவாங்க?"

வள்ளக்காரர்தான் அவருடைய கையை விளிம்பிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.