வர்க்கமூலமும் ஜீவராஜின் கடைவாய்ப் பல்லும்

தன் மகள் நிலக்ஷி பன்னிரண்டு வயதிலேயே பத்தாம் ஆண்டுக் கணக்குப் படிக்க வேண்டும் என்று ஜீவராஜ் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாயைக் கொப்பளிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. நுரையோடு குசினிக்கு ஓடினார்.

ஜீவராஜ் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர். ஆபிஸில் அவருக்கு மேலே துரை ஒருவர்தான். வீட்டில்தான் அந்த வரிசை கொஞ்சம் நீளம்.

“லோஜினி! இவள ஹட்டன்ல பரமலிங்கம் மாஸ்டர்கிட்ட விடப்போறேன். பத்தாம் ஆண்டு டியூஷன் கிளாஸ்!”

லோஜினி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “இவ ஏழாம் ஆண்டுங்க.”

“உடம்புதான் ஏழாம் ஆண்டு. மூளை பத்தாம் ஆண்டு.”

“அப்ப மூளைய மட்டும் பஸ்ல ஏத்தி விடுங்க.”

ஜீவராஜ் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடவேளைக்குக் கொடுக்கிற கணக்கை நிலக்ஷி எட்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். மிச்ச நேரத்தில் பக்கத்துக் கொப்பி, முன்வரிசைக் கொப்பி, பின்வரிசைக் கொப்பி எல்லாவற்றிலும் அவள் கைவண்ணம்தான். அந்த மாதம் மட்டும் மூன்று தடவை வகுப்புக்கு வெளியே நின்றிருந்தாள். போதாததற்கு, “கணக்கு போரடிக்குதும்மா” என்றும் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“பதினஞ்சு வயசு புள்ளைங்களுக்கு நடுவுல கொண்டுபோய் வச்சா கணக்கு வரலாம்ங்க. யாரோட பேசுவா, யாரோட சிரிப்பா?”

“கணக்குக்கு எதுக்கு சிரிப்பு?”

“கொஞ்சம் பொறுங்க. யோசிப்போம்.”

லோஜினி ‘யோசிப்போம்’ என்றால் ‘முடியாது’ என்று அர்த்தம். பதினாலு வருஷக் குடித்தனத்தில் ஜீவராஜ் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது. ஆகவே அவர் ஒரு திட்டம் தீட்டினார்.

திட்டம் தீட்டியவர் ஒன்றை மறந்துவிட்டார். லோஜினி தோட்டத்து முன்பள்ளியின் டீச்சர். ஐந்து வயதுக்கு உட்பட்ட முப்பது உருப்படிகளைத் தினமும் மேய்ப்பவள். சுவரில் கிறுக்கியது யார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஜீவராஜ் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “ஆ...” என்றார்.

“என்னங்க?”

“கடைவாய்ப் பல்லு. உயிர் போகுது. ஹட்டன்ல பல் டாக்டர பாக்கணும். தொணைக்கு புள்ளய கூட்டிக்கிட்டு போறேன்.”

“எந்தப் பக்கம்?”

“வலது.”

கை இடதில் இருந்தது. மெதுவாக வலதுக்கு வந்தது. லோஜினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எட்டு சனிக்கிழமை போகணும் லோஜினி. வேர் வரைக்கும் சுத்தம் பண்ணணுமாம்.”

“இன்னும் டாக்டர பாக்கவே இல்ல. அதுக்குள்ள எட்டுன்னு சொல்லிட்டாரா?”

“போன்ல சொன்னாரு.”

“ஓ. பல்ல போன்ல காட்டினீங்களா?”

ஜீவராஜ் பெரிதாக ஒரு ‘ஆ’ போட்டார். லோஜினி, “சரி, போயிட்டு வாங்க” என்று குடையை எடுத்துக் கொடுத்தாள். இவ்வளவு சுலபமாக மனைவியை ஏமாற்றிய ஆண்மகன் ஹட்டன் தொடங்கி நுவரெலியா வரை வேறு எவனும் இல்லை என்று பஸ்ஸில் ஏறும்போது அவருக்குத் தோன்றியது.

“அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது. வாரா வாரம் மீன் ரோல்ஸ் வாங்கித் தர்றேன்” என்றார் மகளிடம்.

“சரிங்கப்பா” என்றாள் நிலக்ஷி, மிகவும் அடக்கமாக.

பரமலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் கணக்குப் படிப்பித்தே தலை நரைத்தவர். அவர் வீட்டு வாசலில் மகளை விட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உலாத்திவிட்டு, ஜீவராஜ் வெற்றியோடு வீடு திரும்பினார். வாசலிலேயே கோழிக்கறி மணத்தது.

மேசையில் இரண்டு தட்டில் சோறும் கோழியும் இருந்தன. மூன்றாவதாக ஒரு கோப்பையில் குரக்கன் கஞ்சி.

“வைத்தியம் நடக்கிறப்ப எதையும் கடிக்கக்கூடாதுங்க.”

“மத்தப் பக்கத்தால கடிக்கலாமே?”

“எந்தப் பக்கம் அது?”

ஜீவராஜ் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. கஞ்சியைக் குடித்தார். எதிரே நிலக்ஷி கோழிக்காலைக் கடித்த சத்தம் அவருக்குப் பாறை உடைக்கிற சத்தம் போலக் கேட்டது. சாயந்தரம் வந்த பாலில்லாத பிளேன்டியில் சீனியும் இல்லை. சீனி பல்லை அரித்துவிடுமாம். ஒருநாள் அல்ல, வாரம் முழுக்க அதேதான்.

அடுத்த சனிக்கிழமை ஹட்டனில் இறங்கியதும் அவர் பாய்ந்து போய் ரெண்டு ரோல்ஸ் வாங்கினார். வாயருகே கொண்டு போகும்போது நிலக்ஷி கையைப் பிடித்தாள்.

“அப்பா, பல்லு வலிக்கிறவரு ரோல்ஸ கடிக்கிறத நம்ம தோட்டத்து ஆளுங்க யாராச்சும் பாத்தா?”

சுற்றிப் பார்த்தார். சனிக்கிழமை ஹட்டனில் பாதி டிக்கோயா நின்றது. இரண்டு ரோல்ஸையும் நிலக்ஷியே சாப்பிட்டாள். பிள்ளைக்கு எவ்வளவு முன்யோசனை என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் இன்னொரு கண்டம். ஜீவராஜின் சட்டையைத் துவைக்க எடுத்த லோஜினி, பையிலிருந்த ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தாள்.

“என்னங்க இது? ‘சனி பத்து மணி, வர்க்கமூலம்’னு எழுதியிருக்கு. பல்லுக்குத்தானே போறீங்க, மூலத்துக்குமா பாக்குறீங்க?”

ஜீவராஜ் கடதாசியைப் பிடுங்கினார். “அது... பல்லு வேரத்தான் டாக்டர் மூலம்ங்கிறாரு. சுத்தத் தமிழ்ல பேசுற மனுஷன்.”

“எதுக்கும் காரத்தையும் நிப்பாட்டிருவோம். அது எந்த மூலத்துக்கும் ஆகாது.”

கஞ்சிக்குத் துணையாக இருந்த கட்டச் சம்பலும் அன்றோடு போனது.

ஆறாவது வாரம் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. பெல்டில் புதிதாக ஓட்டை போட்டார். கனவில் கொத்து ரொட்டி வந்தது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம், மகள். மாஸ்டர் வீட்டுப் படியை விட்டு அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வருவாள். பனி படிந்த பஸ் கண்ணாடியில் விரலால் ஏதோ வட்டமும் எண்ணும் போட்டுக்கொண்டே வருவாள். பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வருவது நின்றிருந்தது. ஒரு சாயந்தரம் ஒரே ஒரு கணக்கோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. எட்டு நிமிஷத்தில் எழும்புகிற பிள்ளை அது. கதவோரம் நின்று அதைப் பார்த்தபோது, இன்னும் எட்டு வாரம் கஞ்சி குடிக்கலாம் என்றுகூட ஜீவராஜுக்குத் தோன்றியது.

எட்டாவது சனிக்கிழமை ஹட்டனில் மழை ஊற்றியது. ஒதுங்க இடமில்லாமல் மாஸ்டர் வீட்டு விறாந்தையில் ஏறி நின்றவர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நிலக்ஷியைக் காணோம்.

மறுபடியும் வரிசையாகத் தலைகளை எண்ணினார். அந்த நேரம் பின்னறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாயில் நாலு சின்னப் பிள்ளைகள். நடுவில் ஒரே ஒரு தாள். டிக்கோயாவிலிருந்து வரும் சுலக்ஷனா என்ற பிள்ளையோடு நிலக்ஷி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். “அது எப்பிடி வரும்? ஏன்னு சொல்லு பாப்போம்!”

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. “வாரும் ஜீவராஜ். பல் எப்பிடி இருக்கு?”

“மாஸ்டர்! என் மக பத்தாம் ஆண்டு கிளாஸ்ல...”

“முதல் நாளே பத்தாம் ஆண்டுப் பேப்பர் குடுத்துப் பாத்தனான். விடை முழுக்கச் சரி. ஏன் அப்பிடி வருது எண்டு கேட்டா முழிக்கிறா. அண்டைக்குப் பின்னேரமே உம்மட மனுசி போன் எடுத்தவ. ரெண்டு பேருமாக் கதைச்சுத்தான் இதில இருத்தினது. பாடம் ஏழாம் ஆண்டுதான், ஆனால் கணக்கு லேசில விடாது. எல்லாரும் ஒரே வயசு, நல்லாச் சண்டை பிடிப்பினம். அடுத்த வருசம் பிள்ளை கேட்டால் மேல விடுவம்.”

“லோஜினிக்கு எப்பிடி தெரியும்?”

“மகள்தானே நம்பர் குடுத்தவ” என்ற மாஸ்டர், பிழையான விடையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் மூன்று தட்டிலும் கோழி இருந்தது.

“எல்லாம் தெரிஞ்சுதானா இத்தனை வாரம் கஞ்சி ஊத்தின?”

“சீனி கூடிருச்சு, வயித்த குறைங்கன்னு கிளினிக்ல ரெண்டு வருஷமா சொல்றாங்க. நான் சொன்னப்ப கேட்டீங்களா? இப்ப பாருங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க.”

“ஆரம்பத்துலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா சனிக்கிழமை உங்களுக்கு ஆயிரம் வேலை வந்திருக்கும். ஒளிச்சு செய்யிறதுன்னா மட்டும்தானே மழையிலயும் கிளம்புறீங்க.”

ஜீவராஜ் மகள் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் பத்தாம் ஆண்டுக்கு போறேன்னு சொல்லக்கூடாதா?”

“போவேன்ப்பா. அதுக்கு முந்தி இந்த கணக்கு ஏன் இப்பிடி வருதுன்னு பாக்கணும்.”

ஜீவராஜ் தட்டை இழுத்துக்கொண்டார். கோழியைக் கடித்தார், இரண்டு பக்கத்தாலும். நாலாவது துண்டில் மனசு சமாதானமானது.

“சரி, போகட்டும். இனிமே இவ சுலக்ஷனாவோட பஸ்ல போயிருவா. வர்ற சனிக்கிழமையில இருந்து நான் நிம்மதியா தூங்குவேன்.”

லோஜினி இன்னும் ஒரு கரண்டி கறி ஊற்றினாள்.

“எங்கங்க தூங்குறது? சனிக்கிழமையில பெத்தவங்களுக்கும் மாஸ்டர் கிளாஸ் வைக்கிறாரு, உங்க பேர குடுத்துட்டேன்; உங்கள மட்டும் ஆறாம் ஆண்டுல சேத்துக்கிறாராம்.”