ஒக்தவியின் கொட்டாவி

சலவைக்காரி ஒருத்தி வாயைப் பிளந்து கொட்டாவி விடுவதில் ஓர் உன்னதம் இருக்கிறது என்று உலகுக்கு முதன்முதலாக எடுத்துச் சொன்ன பெருமை பாரிஸ் நகரத்தையே சேரும். பிற நகரங்களிலும் சலவைக்காரிகள் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அங்கெல்லாம் 'பாவம், தூக்கம் வருகிறது' என்று அற்பமாக எண்ணி விட்டுவிட்டார்கள்.

அந்தக் கொட்டாவிக்குச் சொந்தக்காரி ஒக்தவி. மோன்மார்த்ர் குன்றின் சரிவில் மதாம் பெலாஜியின் சலவைக்கடையில், அடுப்பில் காயும் இஸ்திரிப் பெட்டிகளை மாற்றி மாற்றி எடுத்து, நாள் முழுக்க நின்றபடியே சட்டைகளைத் தேய்ப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஆண்டவரே ஓய்வெடுத்த நாளாயிற்றே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"அவருக்குச் சட்டை கிடையாதும்மா. நம்ம வாடிக்கைக்காரங்களுக்கு உண்டு" என்றாள் மதாம் பெலாஜி.

ஒருநாள் தன் சட்டையை வாங்கிப்போக வந்த ஓவியர் அன்செல்ம் கோர்பியே, ஒக்தவி கொட்டாவி விடுவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அசையாதே! அப்படியே இரு!"

"கொட்டாவியை எப்படிங்க பிடிச்சு வைக்கிறது?"

"சரி, இன்னொண்ணு விடேன்."

"அதுக்கென்ன முசியே, எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

கோர்பியே பல நாள் வந்து வரைந்தார். அவர் புதுப் பாணிக்காரர். எதையும் தெளிவாக வரைவதில்லை என்ற கொள்கையில் தெளிவாக இருந்தவர். கண்காட்சியில் படத்தைப் பார்த்த கூட்டம் முதலில் சிரித்தது. "இது முகமா, வெந்த முட்டைக்கோசா?" என்று பத்திரிகைகள் ஐயம் எழுப்பின. பிறகு வங்கி அதிபர் முசியே ரொக்பேர் அந்தப் படத்தின் முன் நின்று கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். உடனே பாரிஸ் முழுவதும் கண்களை ஒற்றிக்கொண்டது. அவர் படத்தை வாங்கித் தம் விருந்துக்கூடத்தில் மாட்டினார். 'உழைப்பின் எழில் ரசிகர் சங்கம்' உதயமாயிற்று. சனிக்கிழமை இரவு கொட்டாவிக்குப் பாராட்டு விருந்து என்றும் முடிவாயிற்று.

ரசிகர்கள் இப்போது வண்டி வைத்துக்கொண்டு வந்து கடையின் கண்ணாடி வழியே ஒக்தவியைப் பார்த்து உருகினார்கள். அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது.

"நான் களைச்சிருக்கேன்னு இவ்வளவு பேர் அழறாங்க. கேட்டா ஞாயித்துக்கிழமை லீவு வாங்கிக் குடுக்க மாட்டாங்களா?" என்றாள், பக்கத்து மேசையில் தேய்க்கும் ஃபிலோமினிடம்.

"போடி பைத்தியக்காரி. அழறவன் என்னைக்குடி கையை நீட்டினான்? கைக்குட்டையைத்தான் நீட்டுவான்."

ஒக்தவி அவள் பேச்சைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை துணிக்கூடையோடு ரொக்பேர் வீட்டுக்குப் போனவள், விருந்துக்கூடத்தில் சங்கத்தின் செயற்குழு கூடியிருப்பதைக் கண்டு துணிந்து உள்ளே நுழைந்தாள்.

"முசியே, எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு வேணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மதாம் தட்ட மாட்டாங்க."

"லீவு எடுத்து என்னம்மா செய்வே?"

"தூங்குவேன்."

செயற்குழு அதிர்ந்தது.

"தூங்கினா களைப்பு போயிடுமே!"

"அதுக்குத்தான் முசியே."

ரொக்பேர் எழுந்து, தந்தையின் கனிவோடு பேசினார். "இதோ பாரு, நான் வாங்கினது உன் களைப்பை. நாளைக்கு நீ கன்னம் உப்பிப் பளபளன்னு தெருவுல போனா, என் படம் பொய்யின்னு ஆயிடாதா?"

இளகிய மனம் கொண்ட உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். "மாசத்துல ஒரு ஞாயிறு குடுத்தா என்ன?"

"அப்புறம் அரைக் கொட்டாவிதான் வரும்" என்றார் ரொக்பேர்.

எல்லோரும் மூலையில் உட்கார்ந்திருந்த கோர்பியேயைப் பார்த்தார்கள். "கலைஞன் எதிலயும் தலையிடக் கூடாது. பார்க்க மட்டும்தான் செய்யணும்" என்ற அவர், தம் காலணியைப் பார்த்தார்.

'நாட்டின் கலைச்செல்வத்தை முன்னிட்டு, மேற்படி களைப்பு எவ்விதச் சேதாரமுமின்றிப் பேணப்படுக' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. போகும் முன் ஒரு கொட்டாவி விட்டுக் காட்டும்படியும் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். ஒக்தவிக்கு வரவில்லை. கோபம் வந்தால் கொட்டாவி வராது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம். சங்கத்தார் விருந்துக்கு அணியவேண்டிய சட்டைகள் கஞ்சி போட்டு மேசைமேல் குவிந்திருந்தன. ஒக்தவி இஸ்திரிப் பெட்டியை அடுப்பின்மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்னடி நிக்கிறே?"

"எப்பவும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன் மதாம். இப்போ சும்மா நிக்கிறேன். ஞாயித்துக்கிழமை லீவு குடுங்க, தேய்க்கிறேன்."

"வெளியே போடி! உன்னை விட்டா எனக்கு ஆளே இல்லையா?"

வேலை போனால் அடுத்த வாரம் ரொட்டி கிடையாது. ஆனாலும் ஒக்தவி வாசலை நோக்கி ஓரடி வைத்தாள். பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். ஃபிலோமினின் பெட்டியும் அடுப்புமேல் ஏறிவிட்டது.

"ஆளா? தேடிப் பிடிங்க மதாம். ரெண்டு பேராப் பிடிங்க" என்றாள் அவள்.

மதாம் பெலாஜி தானே தேய்க்க முனைந்து, ஒரு செனட்டரின் சட்டை முதுகைப் பொசுக்கினாள். பொழுது சாயும் நேரம் சட்டைகளை வாங்க வந்த வேலைக்காரர்கள் வாசலில் கூச்சல் போட, கசங்கல் சட்டைகளை அப்படியே அள்ளிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள். "எடுத்துத் தொலைங்கடி உங்க ஞாயித்துக்கிழமையை!"

விருந்து நடந்தது. பெரிய மனிதர்கள் மடிப்பும் சுருக்கமுமாக வந்து அமர்ந்தார்கள். புதுப் பாணியின் வெற்றி சட்டைவரை வந்துவிட்டது என்று ஒரு விமர்சகர் வியந்தார்.

ஒக்தவி ஞாயிறு முழுக்கத் தூங்கினாள். நடுவில் ஒருமுறை விழிப்பு வந்தது. தூங்கலாம் என்பது நினைவுக்கு வர, சிரித்துக்கொண்டே புரண்டு படுத்தாள்.

திங்கட்கிழமை அவள் துணிக்கூடையோடு போனபோது, ரொக்பேர் கூடத்தில் கோர்பியேயிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"படத்தை எடுத்துட்டுப் போயிடுங்க!"

"என்ன குறை முசியே?"

"அன்னைக்கு ஒரு வாய் சாப்பிட முடியல. விருந்து முடியறவரைக்கும் அவ என்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தா!"

கோர்பியே பதறிப்போய்ப் படத்தருகே சென்று, மூக்கு உரச உற்றுப் பார்த்தார். பிறகு நிம்மதியாகத் திரும்பினார்.

"அதுக்கு வாய்ப்பே இல்லை முசியே. அவளுக்குக் கண் இருக்கான்னே நான் பாக்கலையே!"