பக்கத்து இருக்கையின் அசல் இரும்பு

துருவுக்கு உரிய மரியாதையை இந்த உலகில் முதன்முதலாக வழங்கிய பெருமை பழங்கார் பாதுகாப்புச் சங்கத்தையே சேரும். மற்றவர்கள் துருவைச் சுரண்டினார்கள், தேய்த்தார்கள், வெட்டி எறிந்தார்கள். சங்கம் ஒன்றுதான் அதை உட்காரவைத்து மதிப்பெண் போட்டது.

வெல்டருக்கு இந்தப் பெருமை பிடிபடவில்லை. அவர் அதிகம் பேசாத ஆள். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சத்தமே வராது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைப் பார்த்துத்தான் ஆள் இருப்பதாக நம்ப வேண்டும். அன்றைக்கும் பட்டறையில் அப்படித்தான் படுத்திருந்தார். மேலே நின்றது அறுபது வயதுக் கார். அதன் சொந்தக்காரர் வெல்டரின் தங்கை கணவர், சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு அணிவகுப்பு. "அடியில சும்மா ஒரு பார்வை பாரு மச்சான்" என்று சொல்லியிருந்தார்.

வெல்டர் சும்மா ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரால் சும்மா ஒரு குத்து குத்தினார். அது கறுப்புப் பூச்சைத் தாண்டி, துருவைத் தாண்டி, கார்ப்பெட்டையும் தாண்டி, பக்கத்து இருக்கைக்கு முன்னால் காருக்குள் எட்டிப் பார்த்தது.

உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்த செயலாளர் அலறினார்.

"மச்சான்! என்ன பண்றே? அது அசல் தகடு!"

"தகடே இல்ல மாப்பிள்ளை. நனைஞ்ச பிஸ்கட் மாதிரி உதிருது."

"கம்பெனியில போட்ட இரும்புய்யா. அறுபது வருஷமா நிக்குது."

"நிக்கல, தொங்குது. பிரேக்கை ஓங்கி மிதிச்சீங்கன்னா தங்கச்சி சீட்டோட ரோட்டுக்கு வந்துடுவா. இந்தப் பக்கம் மொத்தமா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டு பண்ணணும். ரெண்டு நாள் வேலை."

செயலாளர் காரிலிருந்து இறங்கி, குனிந்து, மச்சானின் கால்களிடம் பொறுமையாக விளக்கினார். சங்க விதி ஏழு. காரின் உடம்பில் நூற்றுக்கு எண்பது பங்கு அசல் இரும்பாக இருந்தால்தான் "பாரம்பரிய வாகனம்" என்ற பட்டம். இந்தக் காருக்கு எண்பத்தொன்று. புதுத் தகடு ஏறினால் எழுபத்தேழு. எழுபத்தேழு வாங்கிய கார் வெறும் பழைய கார்.

"துருவையுமா இரும்புன்னு கணக்கு பண்றீங்க?"

"பின்னே? துரு என்ன வெளியிலேர்ந்தா வந்துச்சு? நம்ம இரும்புலேர்ந்து வந்ததுதானே."

வெல்டர் முதுகை நகர்த்தி நகர்த்தி மறுபக்கம் போனார். அங்கே ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கெட்டியான புதுத் தகடு. சுற்றிலும் நல்ல வெல்டு.

"இது என்ன மாப்பிள்ளை?"

"அது இயங்கு பகுதி. விதியில விலக்கு இருக்கு. எவ்வளவு வெல்டு வெச்சாலும் மார்க் குறையாது. நம்ம பன்னிரண்டு காரும் அப்படித்தான்."

"அப்போ தங்கச்சி உக்கார்ற இடம்?"

"அது காட்சிப் பகுதி. ஊர்வலத்துல கையசைப்பாங்கள்ல."

விதிவிலக்கு கேட்டு வெல்டர் செயற்குழுக் கூட்டத்துக்கே போனார். கூட்டம் ஒரு நிமிட மௌன அஞ்சலியுடன் தொடங்கியது. உறுப்பினர் ஒருவர் தன் காரின் அசல் பம்பரை மாற்றிவிட்டிருந்தார், அஞ்சலி பம்பருக்கு. பிறகு வெல்டர் எழுந்து, காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்திருந்த துருவை மேசைமேல் பிரித்து வைத்தார். அது கை மாறி மாறிப் போனது. ஒருவர் மோந்து பார்த்தார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன நிறம்!" என்றார் தலைவர். அவர் பல் மருத்துவர்.

"டாக்டர், சொத்தைப் பல்லுக்கு மேல பெயின்ட் அடிச்சா அனுப்புவீங்க?"

"பல்லு வேற தம்பி. பல்லுக்கு உயிர் இருக்கு."

வெல்டர் துருவைத் திரும்பக் காகிதத்தில் பொதிந்தார். அதற்குள் தீர்மானம் நிறைவேறியிருந்தது. வெல்டரின் அக்கறையைச் சங்கம் மனமாரப் பாராட்டுகிறது. காட்சிப் பகுதியில் அமர்வோர் மென்மையாக அமரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

சனிக்கிழமை தங்கை பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணா, கமிட்டிக்கெல்லாம் போனியாமே. வீட்டுல ஒரே புலம்பல். அப்படி என்னதான் ஓட்டை?"

வெல்டர் இரண்டு பக்கத்துக் கார்ப்பெட்டையும் சுருட்டி எடுத்தார். விளக்கோடு பக்கத்து இருக்கைக்கு அடியில் போனார். ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் மேலே வந்தது. தங்கை குனிந்து பார்த்தாள்.

"உன் கண்ணு தெரியுது."

"எனக்கு உன் மூக்குத்தி தெரியுது."

"அவரு சீட்டுக்கு அடியில காட்டு."

விளக்கு நகர்ந்தது. மேலே ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. அவள் அந்த இருட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது.

"ஏன் முன்னாடியே சொல்லலே?"

"மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். கமிட்டியில சொன்னேன்."

"உக்கார்றது நான்ல?"

வெல்டர் காருக்கு அடியிலிருந்து உடனே வெளியே வரவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று இந்த நான்கு நாளில் ஒருமுறைகூடத் தனக்குத் தோன்றவில்லையே என்பதை அங்கேயே படுத்து யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்க நல்ல இடம். யாரும் முகத்தைப் பார்க்க முடியாது.

ஞாயிறு காலை பன்னிரண்டு கார்களும் பளபளவென்று வரிசைகட்டி நின்றன. செயலாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன விளையாட்டு இது? தள்ளி உக்காரு."

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. இன்னைக்கு நான் ஓட்டுறேன். லைசென்ஸ் பையிலதான் இருக்கு."

"எனக்கு அந்தப் பக்கம் சரிப்படாதும்மா."

"ஏங்க? அசல் இரும்புதானே?"

"என் எடை என்ன, உன் எடை என்ன!"

"மென்மையா உக்காருங்க."

செயலாளர் பக்கத்துக் கதவைத் திறந்தார். இருக்கையைப் பார்த்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். கீழே ஏதோ மொறுக்கென்றது. காலை எடுத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற காரிலிருந்து மருத்துவரின் மனைவி இறங்கி வந்து விவரம் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கணவரிடம் கையை நீட்டினாள். "சாவி." அதற்குப் பின்னால் இருந்த காரிலும் ஒரு கை நீண்டது. சற்று நேரத்தில் பன்னிரண்டு கார்களின் ஸ்டியரிங்குக்குப் பின்னாலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்கள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி நடுத்தெருவில் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. சங்க வரலாற்றில் முதல் முறையாகத் தலைவர் முழங்காலிட்டு ஒரு காரின் அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, வெல்டிங் மெஷின் இருக்கா?" என்றார், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த வெல்டரிடம்.

"இருக்கு டாக்டர். மார்க் குறையுமே?"

அதற்கும் வழி பிறந்தது. செயற்குழு அங்கேயே, நின்ற கோலத்தில், இரண்டே நிமிடத்தில் கூடிக் கலைந்தது. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய திருத்தத்தைச் செயலாளர் தன் கைப்படவே எழுதினார்: "பக்கத்து இருக்கையில் உறுப்பினர் எவரேனும் அமர நேர்ந்தால், அந்த நிமிடம் முதல் அதன் அடியிலுள்ள அசல் இரும்பு, மதிப்பெண் குறையாமல் வெட்டி எடுக்கத்தக்க வெறும் துரு எனக் கருதப்படும்."