நான்காவது சுற்றறிக்கை

'இன்று முதல் ஆங்கில வகுப்பில் தமிழ் அறவே கூடாது' என்றது சுற்றறிக்கை. அதுவே தமிழில்தான் இருந்தது.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்களுக்கான மாலை வகுப்பு அது. ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், ஒரு தையல்காரர். மூவருக்கும் மாதக் கடைசியில் ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு. இரண்டு மாதமாக இலக்கணத்தைத் தமிழில் விளக்கி, அவர்களை ஒருவழியாக இறந்தகாலம் வரை இழுத்து வந்திருந்தாள்.

நேரே நிர்வாகியின் அறைக்குப் போனாள்.

"தமிழ்ல சொன்னாத்தானே சார் அவங்களுக்குப் புரியும்?"

"பச்சைக் குழந்தை இலக்கணம் படிச்சா பேசுது? காதுல விழணும் டீச்சர், காதுல! கொஞ்சம் சத்தமாவும் நடத்துங்க."

ஒரு வாரம் ஆங்கிலத்திலேயே தொண்டை கிழியக் கத்தினாள். மூவரும் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கத் தெரியாத தையல்காரர், கும்பிட்டுவிட்டு எழுந்து போனவர் மறுநாள்தான் வந்தார்.

இரண்டாவது சுற்றறிக்கை: 'ஒன்றுமே புரியவில்லை. செய்கை மூலம் கற்பிக்கவும்.'

"யாரு சார் புரியலைன்னு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. விடுங்களேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு மூவரையும் எழுப்பி நிறுத்தினாள். "ஜம்ப்!" என்றாள். டிரைவர் நூறு கிலோ. அவர் மூன்றாவது தடவை குதித்தபோது, கீழ்த்தளத்துப் பல் டாக்டர் கையில் குறடோடு மேலே ஓடி வந்தார்.

"ஏம்மா, அறிவிருக்கா? நீங்க குதிச்ச குதில நான் நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்!"

டாக்டரிடம் வாங்கிய திட்டு ஆறுவதற்குள் மூன்றாவது வந்தது: 'திம் திம் என்ற சத்தம் மட்டுமே கேட்கிறது. உரையாடல் முறையைக் கையாளவும்.'

சரி, கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசுகிற மாதிரி பேசட்டும் என்று தையல்காரரையும் டிரைவரையும் எதிரெதிரே நிறுத்தினாள். முன்பு தையல்காரர் தைத்துக் கொடுத்த பேன்ட் மச்சான் கல்யாணப் பந்தியில் கிழிந்ததை டிரைவர் இன்னும் மறக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"திஸ் பேன்ட்... வெரி பேட்" என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"நோ பேட். யூ ஃபேட்!" என்றார் தையல்காரர்.

அதற்குமேல் தமிழ்தான். சட்டைக் காலரும் பிடிபட்டது. விலக்கப் போன நர்ஸுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

மறுநாள் நான்காவது: 'மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவதால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பழையபடி இலக்கணத்தைத் தமிழிலேயே விளக்கவும். அடிக்கடி முறையை மாற்றிக் குழப்பிய ஆசிரியை கண்டிக்கப்படுகிறார்.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். நர்ஸ் வேறு, கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்றாள்.

"இன்னும் ஒன்பது நாள்தான் டீச்சர் இருக்கு. இந்த வேலை கெடைச்சாத்தான் என் பொழப்பு. எங்களை வச்சு விளையாடுறீங்களா?"

அந்தக் கேள்வி டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. நான்கு காகிதங்களையும் கசக்கி எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அறைக் கதவைத் தள்ளினாள். நாற்காலி காலி. ஆயாம்மா மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க அந்த மனுஷன்? நாலு முறையையும் கெடுத்துட்டு என்னையே கண்டிக்கிறாரா? யாரு அந்தப் புகார் சொல்ற ஆளு? இன்னைக்கு அவன் மூஞ்சியைப் பாக்காம நான் நகரமாட்டேன்!"

ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மெதுவா பேசுங்க டீச்சரம்மா, காதுல விழுந்துடும். ரெண்டு மாசமா உங்க கிளாஸ் சுவருக்கு அந்தப் பக்கம் நோட்டும் பென்சிலுமா சார்தான் உக்காந்திருக்காரு. எப்படி நடத்தினாலும் மண்டையில ஏற மாட்டேங்குதேன்னு நேத்துகூட அழுதாரு, பாவம்!"